வாசல் திறந்தால் போதுமா?

நைரோபி விமான நிலையம். 1959-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள். அமெரிக்கா நோக்கிப் பறக்க ஓர் ஆகாய விமானம் காத்து நிற்கிறது. ஏறப்போகிறவர்கள் யார்? கவர்னர் மாளிகைக் கனவான்களா? காப்பித் தோட்டத்துத் துரைமாரின் செல்வக் குமாரர்களா? அல்லர், தோழர்களே, அல்லர்! கருமேனி படைத்த கென்ய நாட்டு இளைஞர்கள். அவர்களுடன் இளநங்கையர் சிலர். மொத்தம் 81 பேர். விமானத்தை அண்ணாந்து பார்த்ததன்றி அதில் அடியெடுத்து வைத்தறியாதவர்கள் அவர்களிலே பலர். படிக்கப் போகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளிலே பட்டம் பெறப் போகிறார்கள்.

அனுப்பி வைத்தது அரசாங்கமா? இல்லை. அரசாங்கம் முகம் சுளித்தது. கோடீசுவரர் எவரேனும் கொடையாக அனுப்பினாரா? அதுவும் இல்லை. அனுப்பி வைக்க முன்னின்றவர் ஒரு தொழிற்சங்கத் தலைவர்!

டாம் எம்போயா என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு வயது 29. கயிற்றுக்கு நார் தரும் கற்றாழைத் தோட்டத்திலே உழைத்தவரின் மகன். பாதிரிமார் பள்ளியிலே படித்தார், நன்றாகவே படித்தார். ஆனால் இறுதித் தேர்வு வரை போகத் தகப்பனார் கையிலே காசில்லை. அறிவு இருந்தது, ஆர்வம் இருந்தது, கட்டணம் இல்லை. நைரோபி நகரத்திலே சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் பயிற்சி பெற்றார். தொழிலாளரைத் திரட்டினார். 1953-இல் கென்யத் தொழிலாளர் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் ஆனார். பணமின்றிப் பள்ளியை விட்ட அந்தப் பையனின் மனத்திலே ஆறாத வடு ஒன்று இருந்திருக்க வேண்டும். ‘எனக்கு நேர்ந்தது என் பின்னால் வருகிறவனுக்கு நேரலாகாது’ என்ற வடு அது.

அன்று கென்யா வெள்ளையர் ஆட்சியிலே இருந்தது. விடுதலை வந்தது 1963 டிசம்பரில். கிழக்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் பட்டம் தரும் கல்லூரியாக இருந்தது உகாண்டாவின் மக்கரேரே ஒன்றே. அங்கே இடம் சிலருக்கு, ஏக்கம் பலருக்கு. சரி, அமெரிக்காவுக்குப் போகட்டுமே என்றால், ஆட்சியாளர் என்ன சொன்னார்கள் தெரியுமா? “அமெரிக்கக் கல்லூரிகளின் தரம் மட்டம், போகிற பையன்களின் தகுதியும் மட்டம்” என்றார்கள். தானும் தரமாட்டார், தருகிற இடத்துக்கும் போகவிட மாட்டார்!

1959-இன் முற்பகுதியில் எம்போயா அமெரிக்கா சென்றார். ஊர் ஊராக, மேடை மேடையாகப் பேசினார். கல்லூரிகளிடம் கேட்டார். “இடம் தருகிறோம், சம்பளம் வாங்காமல் படிக்க வைக்கிறோம்” என்று பல கல்லூரிகள் முன்வந்தன. வாசல் திறந்தது.

இங்கேதான், தோழர்களே, நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்லுகிற இடம். வாசல் திறந்துவிட்டது, வாழ்த்துச் சொல்லிக் கலைந்துவிடலாமா? அமெரிக்கா எங்கே, கென்யா எங்கே! நடுவிலே ஒரு பெருங்கடல். அதைத் தாண்ட வழிச்செலவு வேண்டும். கல்லூரி இடம் கையிலே. கப்பலுக்கோ விமானத்துக்கோ காசு இல்லை. அந்த ஏழைப் பிள்ளைக்கு, அப்போது அந்த வாசல் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

எம்போயாவுக்கு அது விளங்கியது. அதனால் அவர் பெற்று வந்தது இடங்களை மட்டுமல்ல. விமானத்தையும் ஏற்பாடு செய்து வந்தார். அமெரிக்க நண்பர்கள் ஓர் அறநிலையம் அமைத்தார்கள். நிதி கேட்டு எழுதிய கடிதத்திலே கையெழுத்திட்டவர்கள் பந்தாட்ட வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகர் ஹாரி பெலபான்டே, நடிகர் சிட்னி பாய்ட்டியர். மூவரும் கறுப்பின மக்களின் கண்மணிகள். இங்கே கென்யச் சிற்றூர்களிலோ, தேநீர் விருந்து என்ற பெயரில் ஊர் கூடியது. ஒரு குவளை தேநீர். ஒரு கைப்பிடிச் சில்லறை. “நம் ஊர்ப் பிள்ளை படிக்கப் போகிறான்” என்று ஷில்லிங் ஷில்லிங்காகச் சேர்த்தார்கள்.

மறு ஆண்டு, 1960-இல், அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் துறை விமானச் செலவு தர மறுத்தது. எம்போயா நேரே செனட்டர் கென்னடியைப் போய்ப் பார்த்தார். கென்னடி குடும்ப அறநிலையம் 1,00,000 டாலர் தந்தது. மேலும் நூற்றுக்கணக்கானோர் பறந்தார்கள். 1963 வரையில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 800 பேர்!

1960-இல் சென்ற ஒரு பெண்ணைச் சொல்லுகிறேன். மலைநாட்டுச் சிற்றூரிலே பிறந்தவர். கன்னியர் நடத்திய பள்ளியிலே படித்தார். பள்ளியும் திருச்சபையும் கைகொடுத்தன. கான்சாஸ் மாநிலத்திலே ஒரு சிறு கல்லூரியில் இடம் கிடைத்தது. 1964-இல் பட்டம் பெற்றார், தாயகம் திரும்பினார், 1971-இல் நைரோபிப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1977-இல் ஏழைப் பெண்களைத் திரட்டி மரம் நடும் இயக்கம் கண்டார். 2004-இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. வங்காரி மாத்தாய் என்பது அந்த வீராங்கனையின் பெயர். அந்த விமானத்திலே ஓர் இருக்கை குறைந்திருந்தால்? எண்ணிப் பாருங்கள்!

அது அன்று. இன்று எப்படி?

இன்று தேர்வு என்றொரு காவலாளி வாசலிலே நிற்கிறான். எஸ்.ஏ.டி. என்று பெயர். ஆங்கிலமும் கணக்கும் கேட்பான். 2 மணி 14 நிமிடம். மொத்தம் 1600 மதிப்பெண். “எல்லோருக்கும் ஒரே அளவுகோல், ஏழை பணக்காரன் என்று பாரேன், அறிவை மட்டுமே அளப்பேன்” என்பான்.

இந்தக் காவலாளியின் பிறப்பு வளர்ப்பைக் கொஞ்சம் கேளுங்கள். 1926 ஜூன் மாதத்திலே முதன்முதலாக நடந்தது இந்தத் தேர்வு; எழுதியவர்கள் 8,040 பேர். உருவாக்கியவர் பிரின்ஸ்டன் பேராசிரியர் கார்ல் பிரிகாம். இவர் 1923-இல் ஒரு நூல் எழுதினார். வட ஐரோப்பிய இனத்தார் அறிவிலே உயர்ந்தவர், ஏனையோர் தாழ்ந்தவர், கறுப்பர் எல்லோருக்கும் கீழே என்பது அந்த நூலின் சாரம். தேர்வு வைத்து அளந்து பார்த்தாராம்! ஆங்கிலம் அறியாதவனிடம் ஆங்கிலச் சூழலிலே கேள்வி கேட்டு, அவன் விழித்ததும் “அறிவில்லாதவன்” என்று எழுதிக்கொள்வது என்ன அளவை? பிரிகாமே 1930-இல் தம் முடிவு அடிப்படையற்றது என்று ஒப்புக்கொண்டார். சொன்னவர் திருத்திக்கொண்டார், அவர் நட்டுவைத்த தேர்வு வளர்ந்து மரமாகிவிட்டது.

“அப்படியானால் தேர்வையே ஒழித்துவிட வேண்டுமா?” என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். இதே தேர்வுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஹார்வர்டு தலைவர் கோனன்ட், 1934 முதல் இதை வைத்தே உதவித்தொகை மாணவரைத் தேடினார். பணக்காரப் பள்ளிகளின் சிபாரிசு இல்லாத, எங்கோ உள்நாட்டு ஊரிலே கிடந்த கெட்டிக்காரப் பையன்கள் அதனால் மேலே வந்தார்கள். கத்தி காய் நறுக்கவும் உதவும். கையை வெட்டவும் உதவும். கேள்வி, அது யார் கையிலே, எந்த முறையிலே என்பதுதான்.

இப்போது ஒரு பையனை மனத்திலே நிறுத்திக் கொள்ளுங்கள். கென்யாவின் மேற்கு மலைப்பகுதி. தகப்பன் மக்காச்சோளம் பயிரிடுகிறவர். பையன் தன் நாட்டுப் பள்ளி இறுதித் தேர்விலே மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கிவிட்டான். “அமெரிக்காவிலே படிக்கலாம், முழுச் செலவையும் கல்லூரியே ஏற்கும்” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். புறப்படுகிறான். அவன் போகும் பாதையிலே நாமும் கூடவே நடப்போம்.

முதற்படி, கட்டணம். 2024-25 பள்ளியாண்டில் எஸ்.ஏ.டி. கட்டணம் 68 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுகிறவன் மேற்கொண்டு 43 டாலர் தரவேண்டும். ஆக 111 டாலர். அமெரிக்க ஏழை மாணவனுக்கு இந்தக் கட்டணம் தள்ளுபடி. இரண்டு முறை இலவசமாக எழுதலாம். நல்ல ஏற்பாடு, பாராட்டுவோம். ஆனால் அந்தத் தள்ளுபடி அமெரிக்க மண்ணிலே படிப்பவனுக்கும் அமெரிக்கக் குடிமகனுக்குமே பொதுவாக உரியது. நம் மலைநாட்டுப் பையன் அவனைக் காட்டிலும் ஏழை; அவனுக்கு இல்லை. வறுமைக்கும் பாஸ்போர்ட் கேட்கிற உலகம் இது!

அடுத்தது, கருவி. 2023 மார்ச் முதல் வெளிநாடுகளிலே இந்தத் தேர்வு காகிதத்தில் இல்லை, கணினியில். விரலால் தட்டிப் பழகியவன் வினாவைப் பார்ப்பான். பழகாதவன் விசையைத் தேடுவான். கடிகாரம் இருவருக்கும் ஒரே வேகத்திலேதான் ஓடும்.

மூன்றாவது படி, தலைமையாசிரியர். இங்கே நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன். ஏனெனில் பலர் வழுக்கி விழும் படி இது. அமெரிக்கக் கல்லூரி மதிப்பெண்ணை மட்டும் கேட்பதில்லை. பள்ளி அறிக்கை கேட்கும். மாணவன் எப்படிப்பட்டவன், எந்தச் சூழலிலே வளர்ந்தான், வகுப்பிலே என்ன கேள்வி கேட்டான் என்றெல்லாம் ஆசிரியர் எழுதிய கடிதம் கேட்கும். அமெரிக்கப் பள்ளிகளிலே இதற்கென்றே வழிகாட்டி ஆசிரியர் உண்டு. 250 மாணவர்க்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. அங்கேயும் ஏழைப் பள்ளிகளிலே அது நிறைவேறுவதில்லை. ஆனால் பதவி என்று ஒன்று இருக்கிறது. பணக்காரப் பள்ளியின் வழிகாட்டி, மாணவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். கதை போல இருக்கும். படிப்பவர் கண்ணிலே பையன் உயிரோடு எழுந்து நிற்பான்.

மலைநாட்டுத் தலைமையாசிரியர்? அவருக்குத் தெரிந்தது நன்னடத்தைச் சான்று. “இவன் ஒழுக்கமுடையவன். வருகை ஒழுங்கானது. எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.” மூன்று வரி, கீழே கையெழுத்து, அதன்மேல் ரப்பர் முத்திரை. அவர்மீது குற்றமில்லை. அவர் பையனிடம் பாசம் உள்ளவர்தான். ஆனால் கேட்பவன் எதைக் கேட்கிறான் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஒரே அறிவு, ஒரே உழைப்பு. ஒருவனுக்குப் பல பக்கம்; மற்றவனுக்கு மூன்று வரி. தட்டு எந்தப் பக்கம் சாயும்?

நான்காவது படி, பணம். 2024-25-இல் ஹார்வர்டில் ஓராண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு 82,866 டாலர். அந்தப் பையனின் தகப்பன் ஆயுள் முழுதும் உழைத்தாலும் எட்டாத தொகை! ஆனால் கேளுங்கள், இங்கே ஓர் ஒளி உண்டு. வெளிநாட்டு மாணவனின் பணநிலையைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு, தேவையான முழுத் தொகையையும் தாமே தரும் கல்லூரிகள் சில உண்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் என்பன அவற்றில் முன்னரே இருந்தவை. டார்ட்மவுத்தும் போடனும் 2022-இல் சேர்ந்தன. அமெரிக்காவிலோ கல்லூரிகள் ஆயிரக்கணக்கில். பெரும்பாலானவற்றிலே, “உதவி வேண்டும்” என்று வெளிநாட்டு மாணவன் எழுதிய உடனேயே அவன் வாய்ப்பு குறைகிறது. எந்தக் கல்லூரி எந்த வகை என்று அறிந்தவன் பிழைத்தான். அறியாதவன் கட்டணம் கட்டி ஏமாந்தான். இந்த அறிவு எந்தத் தேர்விலும் கேட்கப்படுவதில்லை. ஆனால் இது இல்லாமல் எந்தத் தேர்வும் பயன்படுவதில்லை!

“தேர்வு வேண்டாம், விரும்பினால் மதிப்பெண் அனுப்பு, இல்லையேல் விடு” என்று 2020-இல் கொள்ளைநோய்க் காலத்திலே பெரும்பாலான கல்லூரிகள் அறிவித்தன. ஏழைக்கு நல்ல காலம் என்று மகிழ்ந்தார்கள். நடந்தது என்ன? டார்ட்மவுத் கல்லூரியார் ஆராய்ந்து பார்த்தார்கள். வசதி குறைந்த பள்ளியிலே படித்து, அந்தப் பள்ளியின் நிலைக்கு மிக உயர்வான மதிப்பெண் பெற்ற பிள்ளைகள், “இது போதாது” என்று அஞ்சி அதை மறைத்துவிட்டார்கள். காட்டியிருந்தால் இடம் கிடைத்திருக்கும், மறைத்ததால் போயிற்று. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் “காட்டு” என்றோ “மறை” என்றோ சொல்ல ஆள் இருந்தது. ஏழைப் பிள்ளைக்கு இல்லை. எம்.ஐ.டி. 2022-இலேயே தேர்வை மீண்டும் கொண்டுவந்தது. டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்டு ஆகியவை 2024-இல் அதே முடிவை அறிவித்தன.

பார்த்தீர்களா வேடிக்கையை! தேர்வு வைத்தாலும் ஏழை தடுமாறுகிறான், எடுத்தாலும் தடுமாறுகிறான். அப்படியானால் நோய் தேர்விலே மட்டும் இல்லை. பக்கத்திலே நின்று “இப்படிப் போ” என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமையே நோய்.

மருந்து உண்டா? உண்டு. அதே கென்யாவிலே உண்டு.

2004-இல் கென்சாப் என்று ஓர் அமைப்பு தோன்றியது. தொடங்கியவர் இருவர். ஒருவர் ஜான் மேனர்ஸ், அமெரிக்கப் பத்திரிகையாளர். சிறுவயதிலே கென்யாவில் வாழ்ந்தவர். மற்றவர் மைக் பாய்ட், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்திலே வெண்கலம் வென்ற கென்ய வீரர். ஓட்டத் திறத்தால் அமெரிக்கா சென்று படித்துப் பேராசிரியர் ஆனவர். இருவரும் மேற்கு மலைப்பகுதியிலே பள்ளி இறுதித் தேர்வில் முன்னணியில் நின்ற ஏழைப் பிள்ளைகளைத் தேடினார்கள். ஓட்ட வீரர்கள் பயிற்சி பெறும் ஈட்டன் என்ற மலையூரிலே ஒன்றாகத் தங்க வைத்தார்கள். எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பழக்கினார்கள். விண்ணப்பக் கட்டுரை எழுதக் கற்பித்தார்கள். எந்தக் கல்லூரி உதவும், எது உதவாது என்று பிரித்துக் காட்டினார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: மாணவர்களை 1500 மீட்டர் ஓடவும் விட்டார்கள்! ஓட்டத்திலே திறம் இருந்தால் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் பரிந்து பேசுவாரல்லவா? என்ன கூர்மை பாருங்கள்! ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் அந்தப் பிள்ளைகளுக்கு இடம் தந்தன. உழவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு!

அந்தப் பிள்ளைகளின் மூளை 2004-இலா முளைத்தது? அதற்கு முன்பும் இருந்தது. கைகாட்டி மட்டுமே புதிது.

எம்போயாவின் மகள் சூசன் எம்போயா 2002-இல் ஜவாடி ஆப்பிரிக்கா என்ற நிதியம் கண்டார். ஏழைப் பெண்பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்ப. ஜவாடி என்றால் சுவாகிலி மொழியிலே ‘பரிசு’. தந்தை 1969 ஜூலையிலே நைரோபி வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 38. குண்டு அவர் உடலைத் துளைத்தது. ஏற்றி வைத்த விளக்கை அணைக்கவில்லை.

“ஊரிலேயே நல்ல கல்லூரி கட்டினால் என்ன? அமெரிக்காதான் கதியா?” என்று கேட்கும் தோழருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கேள்வி நியாயமானது. ஊரிலே கல்லூரி கட்டத்தான் வேண்டும். எம்போயாவும் விடுதலை பெறப்போகும் நாட்டுக்கு ஆசிரியரும் அதிகாரியும் வேண்டும் என்றுதான் ஆள் அனுப்பினார். அமெரிக்காவிலே குடியேற்ற அல்ல. போனவரெல்லாம் திரும்பினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், போகும் உரிமை பணக்காரனுக்கு மட்டும் இருக்கட்டும், ஏழை ஊரிலே இருக்கட்டும் என்பது நாட்டுப்பற்று ஆகாது.

இன்று அந்த வாசலிலே மேலும் தாழ்ப்பாள்கள். 2025 மே மாதத்திலே மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நாள் தருவதை அமெரிக்க அரசு சில வாரம் நிறுத்தி வைத்தது. அதே மாதம் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கக்கூடாது என்று ஆணையிட்டது. மறுநாளே நீதிமன்றம் தடுத்தது. இது எங்கோ நடக்கும் கதை அல்ல. 2024-25-இல் அமெரிக்காவில் இருந்த வெளிநாட்டு மாணவர் 11,77,766 பேர். அதிலே மிகப் பெரும் பங்கு இந்தியர், 3,63,019 பேர். நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்த வரிசையிலே நிற்கிறார்கள். முன்வரிசையிலே, கட்டணம் கட்டி ஆலோசகர் வைத்துக்கொண்டவன். கடைசி வரிசையிலே, விண்ணப்பத்தின் முதற்பக்கமே புரியாமல், யாரிடம் கேட்பது என்று திகைப்பவன்.

அவன் யார் வீட்டுப் பிள்ளை? ஆலை வாயிலிலே சங்கு ஊதக் காத்திருக்கும் தோழனே, உன் வீட்டுப் பிள்ளை! அவனுக்கு அறிவு கொடுக்க நம்மால் ஆகாது; அது அவனிடம் இருக்கிறது. ஆனால் மன்றத்திலே ஒரு மேசை போட முடியும். படித்த தோழர் ஒருவரை வாரத்தில் ஒரு மாலை அங்கே உட்காரவைக்க முடியும். தலைமையாசிரியரிடம் போய், “ஐயா, மூன்று வரி போதாது; இந்தப் பையனைப் பற்றி விரிவாக எழுதுங்கள்” என்று பணிவோடு கேட்க முடியும். கட்டணத்துக்குக் குறைகிற தொகைக்கு ஊர் கூடித் தேநீர் குடிக்க முடியும்.

பள்ளியைப் பாதியிலே விட்ட ஒரு தொழிலாளியின் மகன் 81 பேருக்கு விமானம் பிடித்தார். நாம் ஒரு பிள்ளையின் கையைப் பிடிக்கக் கூடாதா?

வாசலைத் திறப்பது அவர்கள் வேலை. வாசல் வரை பாதை போடுவது நம் வேலை.